டெல்மர் மூன்றாவது தடவை கேட்காத ஆண்டெனா

டாமராக் ஏரி, மின்னசோட்டா
மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மூத்த சகோதரி ஆர்டிஸ் அவர்களுக்குத் தம்பி ஹார்லன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் லவோனும் நலமாக இருக்கிறோம். என் இடது முழங்கால் மட்டும் நலமாக இல்லை, அதன் கதை கீழே வரும். அரிசோனாவில் நீங்களும் உங்கள் புது இடுப்பெலும்பும் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போய்ச் சுகமாக இருக்க வேண்டும் என்று ஞாயிறு தவறாமல் வேண்டிக்கொள்கிறோம். எலுமிச்சை மரத்தடியில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருப்பதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். படித்து மிகவும் சந்தோஷம். இங்கே பனி இன்னும் ஜன்னல் மட்டத்துக்கு நிற்பதால், அதை மறுபடி எழுத வேண்டாம் என்று லவோன் சொல்லச் சொன்னாள்.

அக்கா, மரியாதையெல்லாம் அந்தப் பத்தியோடு போதும். ஆட்டம் பதிவாகவில்லை. அதைச் சொல்லத்தான் புதன்கிழமையிலிருந்து பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். நீ இரண்டு தடவை போன் பண்ணியபோதும் நான் குளித்துக்கொண்டிருப்பதாக லவோன் சொன்னது பொய். நான் அவள் பக்கத்திலேயே நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். உன் பேரன் ஆண்டர்ஸ் மாநில ஐஸ் ஹாக்கிப் போட்டியில் கோல்கீப்பராக நிற்கிறான், நம் பள்ளி அங்கே போவது நான் பள்ளியில் படித்த காலத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை, ஆட்டக்காரர்களைப் பேர் சொல்லி அழைக்கும்போது முகமூடியைத் தூக்கிப் பாட்டிக்காக ஒன்று செய்கிறேன் என்று அவன் உன்னிடம் சொல்லியிருந்தான், என்ன செய்யப்போகிறான் என்பதை மட்டும் சொல்லவில்லை. அரிசோனாவில் இந்த ஆட்டத்தைக் காட்ட மாட்டார்கள், ஆனாலும் நீ அதைப் பார்க்க வேண்டும். என்னிடம் நீ கேட்டது அந்த ஒன்றுதான். "ஹார்லன், அத மட்டும் டேப்புல புடிச்சு அனுப்புடா, எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றாய். நான் "அதெல்லாம் கவலையே படாதே" என்றேன். அந்த வார்த்தையை இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

உன் மகனும் மருமகளும் ஊரில் பாதிப் பேரோடு பஸ் பிடித்து, போட்டி நடக்கிற செயிண்ட் பாலுக்குப் போனார்கள். எனக்கும் ஒரு இடம் இருக்கிறது என்று உன் மருமகள் சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக இன்னொரு தடவை கேட்டாள், அப்போதும் டேப் பிடிக்க வேண்டுமே என்று சொல்லி வேண்டாம் என்றேன். மூன்றாவது தடவை கேட்பதற்குள் டிரைவர் கதவைச் சாத்திவிட்டார். உனக்குத் தெரியாததா, நம்மை வளர்த்த விதம் அப்படி. யார் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவையும் கேட்டால்தான் மனதாரக் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம், அப்போது "சரி, இவ்வளவு தூரம் சொல்றீங்க" என்று வாங்கிக்கொள்ளலாம். முதல் தடவையே கை நீட்டுகிறவன் பேராசைக்காரன். இரண்டே தடவை கேட்டு நிறுத்துகிறவன் கஞ்சன். அம்மா இதைச் சொல்லிச் சொல்லித்தான் நம் தட்டில் கேக் வைத்தாள்.

சரி, ஆண்டெனாவுக்கு வருகிறேன். எங்கள் சாலைக்குக் கேபிள் கம்பி இன்னும் வரவில்லை, வரவும் வராது, கூரையில் டிஷ்தான். நல்ல நாளில் அது நன்றாகத்தான் காட்டும். ஈரப்பனி விழுந்து அதன் முகத்தில் ஒட்டிக்கொண்டால் போச்சு, சிக்னலைத் தேடுகிறேன், தேடுகிறேன் என்று திரையில் எழுதிப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். மாநிலப் போட்டி வந்தால் கூடவே பனிப்புயலும் வரும் என்பது நம் ஊரில் நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அதனால் நான் ஜனவரியிலேயே உஷாராகி, டிஷ் கண்ணை மூடினால் கைகொடுக்க ஓர் ஆண்டெனா வாங்கி வைத்துவிடலாம், டுலூத் மலையில் நிற்கும் கோபுரங்களிலிருந்து காற்றில் இலவசமாக வருவதை அது பிடித்துத் தரும் என்று கணக்குப் போட்டேன். இதுவரைக்கும் நான் செய்தது எல்லாமே புத்திசாலித்தனம்தான் என்பதைக் குறித்துக்கொள்.

ஹார்டுவேர் கடையில் கூரைமேல் வைக்கிற பெரிய ஆண்டெனா ஒன்று இருந்தது. அதன் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன், அப்படியே மறுபடி திருப்பி வைத்தேன். பக்கத்திலேயே பத்தொன்பது டாலருக்கு ஒரு தட்டை ஆண்டெனா இருந்தது. லெஃப்சே ரொட்டி மாதிரி மெல்லிசு, ஜன்னலில் ஒட்டினால் போதும், டிஜிட்டல், அறுபது மைல் வரை பிடிக்கும் என்று பெட்டியில் தங்க எழுத்தில் போட்டிருந்தது. நாங்கள் கோபுரத்திலிருந்து ஐம்பது மைல் சொச்சம். பத்து மைல் மிச்சம் என்று நினைத்தேன். அந்த அறுபது மைலை அவர்கள் எந்த ஊரில், மரமே இல்லாத எந்தச் சமவெளியில் அளந்தார்களோ தெரியாது. நம் ஊருக்கும் டுலூத்துக்கும் நடுவே இருக்கிற தேவதாரு மரங்களில் ஒன்றைக்கூட அவர்கள் பார்க்கவில்லை என்பது நிச்சயம்.

ஜன்னலில் ஒட்டினேன். படம் வந்தது, நம் பந்தயத்தைக் காட்டுகிற சேனல் உள்பட. சந்தோஷமாக நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் போய்விட்டது. எழுந்தேன், வந்தது. உட்கார்ந்தேன், போனது. பிறகுதான் கண்டுபிடித்தோம், காரணம் நான் இல்லை, லவோன். அவள் பிரிட்ஜுக்கும் இஸ்திரி மேஜைக்கும் நடுவே நின்று இடது கையைத் தூக்கினால் படம் கண்ணாடி மாதிரி தெரிகிறது. கையை இறக்கினால் திரை முழுக்கச் சதுரம் சதுரமாக உடைந்துவிடுகிறது. நான் மெதுவாக, "மாநிலப் போட்டி ரெண்டரை மணி நேரந்தானே லவோன்" என்று ஆரம்பித்தேன். "ஏங்க, நாற்பது வருஷமா உங்களுக்கு சமைச்சுப் போட்டேன், துணி துவைச்சேன், இப்ப கம்பமா வேற நிக்கணுமா?" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் படமும் இருந்ததே அக்கா, நான் என்ன செய்ய.

அடுத்து, மின்சாரத்தில் சிக்னலை ஊதிப் பெரிதாக்குகிற சின்னப் பெட்டி ஒன்று வாங்கி நடுவில் மாட்டினேன். அது எதைப் பெரிதாக்க வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. நகை விற்கிற சேனல் ஒன்று பிரமாதமாக வந்தது. பாவிகளே, மனந்திரும்புங்கள் என்று கத்துகிற ஒரு போதகர் ராத்திரி பகலாக வந்தார். அணைத்தாலும் லேசாகக் கேட்கிற மாதிரி எனக்கு ஒரு பிரமை. பந்தயம் காட்டுகிற சேனல் மட்டும் வரவில்லை. பிறகுதான் விஷயம் புரிந்தது: போன வருஷம் எல்லாவற்றையும் டிஜிட்டலுக்கு மாற்றியபோது மற்ற சேனல்கள் புது அலைக்குப் போய்விட்டன, நம் சேனல் மட்டும் பழைய நீள அலையிலேயே நின்றுவிட்டது. நீள அலையைப் பிடிக்க நீளமான அலுமினியக் கைகள் வேண்டும். இந்த லெஃப்சேக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. டிஜிட்டல் ஆண்டெனா என்று தனியாக ஒன்று உலகத்திலேயே கிடையாதாம். அந்தக் காலத்தில் எல்லார் கூரையிலும் மீன் முள் மாதிரி நின்றதே, அதுதான் வேண்டும், அதுவே போதும். அதை நாங்கள் டிஷ் வந்த வருஷம் பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்து, எடுத்துப் போனதற்கு அவனுக்குக் காபியும் கொடுத்தோம்.

இங்கேதான் டெல்மர் வருகிறார். எதிர்வீட்டு டெல்மரை உனக்கு நினைவிருக்கும், மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார், ஞாயிறு ஆராதனைக்கு எங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பாட்டை எல்லாரையும்விட ஒரு வரி தாமதமாகப் பாடுவாரே, அவர்தான். அவர் டிஷ் வாங்கவே இல்லை. அவர் கூரையில் பழைய மீன் முள் அப்படியே நிற்கிறது. அது போக, அவர் அம்மா வீட்டை இடித்தபோது அங்கிருந்த இன்னொன்றையும் கழற்றிக் கொண்டுவந்து கொட்டகைக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தார். தபால் ஆபீஸில் பார்த்தபோது அவரே சொன்னார்.

"ஆண்டெனாவுக்கு அலையுறியாமே, ஹார்லன். எங்கிட்ட ஒண்ணு சும்மா கெடக்கு. எடுத்துக்கறியா?"

அக்கா, என் நெஞ்சு துள்ளியது. வாய் என்ன சொன்னது தெரியுமா? "சேச்சே, அதெல்லாம் வேணாம் டெல்மர்."

முறைப்படிதான் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது அவர் மறுபடி வந்தார். "அது சும்மா துருப்புடிக்குதுப்பா. உனக்கு ஆகும்ல?" நான், "உனக்கு எதுக்குச் சிரமம், நாங்க எப்படியோ சமாளிச்சுக்குவோம்" என்றேன். சொல்லிவிட்டு அன்றைக்கு வீட்டுக்கு வந்து கூரையில் எந்த இடத்தில் அதை நடுவது என்று அளந்தும் வைத்துவிட்டேன். இன்னும் ஒரு தடவை கேட்க வேண்டியதுதான் பாக்கி.

அவர் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு கேட்கவில்லை. மீன்பிடிக்க ஏரியில் ஐஸைத் துளைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்தேன், பேச்சைக் காற்று, அலை, சிக்னல் என்று வளைத்து வளைத்துக் கொண்டுபோனேன், "ம்" என்றார். பிப்ரவரி கடைசியில் ஒருநாள் பார்க்கிறேன், அந்த ஆண்டெனா அவர் முற்றத்துப் பனியில் நட்டு வைக்கப்பட்டிருக்கிறது, நீளமான அந்த அலுமினியக் கைகளில் டெல்மரின் குளிர்கால உள்ளாடைகள் விறைத்துத் தொங்குகின்றன. தினமும் காலையில் காபியோடு ஜன்னலில் நின்று அதைப் பார்ப்பேன். "போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்களேன்" என்பாள் லவோன். "நானா போய்க் கேக்கறதா? ரெண்டு தடவ வேணாம்னு சொல்லிட்டு? என்ன நெனப்பாரு?" என்பேன். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

புதன்கிழமை விடிந்தது. பனியும் விடிந்தது. நான் ரெக்கார்டரில் புது டேப் போட்டு, மேலே ஆண்டர்ஸ் பேரை எழுதி, லவோன் மத்தியானத்துக்கு உருளைக்கிழங்கு உருண்டையும் சீஸும் போட்டு அடுப்பில் சுடுகிற ஹாட்டிஷ் செய்ய, எல்லாம் தயார். டிஷ் நன்றாகத்தான் காட்டியது. நம் பையன்கள் ஒவ்வொருவராகப் பேர் சொல்லச் சொல்ல ஐஸில் வழுக்கி வந்து கோட்டில் நின்றார்கள். பாதி அணி வந்துவிட்டது. "கோல்கீப்பர்" என்றார் அறிவிப்பாளர். ஆண்டர்ஸ் புறப்பட்டான், முகமூடியில் கை வைத்தான். சிக்னலைத் தேடுகிறேன் என்றது திரை.

நான் பாய்ந்து பின்பக்கம் கம்பியை மாற்றி லெஃப்சேக்குத் திருப்பினேன். லெஃப்சேயை ஜன்னலில் காணோம். "லவோன், ஆண்டெனா எங்க?" என்று கத்தினேன். ஹாட்டிஷை அடுப்பிலிருந்து எடுத்தவள் சூடு தாங்க ஏதோ ஒரு தட்டை விரிப்பைக் கீழே போட்டிருக்கிறாள். "அது ஜன்னல்லேர்ந்து கீழ விழுந்து கெடந்துச்சு, நான் பாத்திர விரிப்புன்னு நெனச்சேன்" என்றாள். ஒரு மூலை உருகிச் சீஸோடு ஒட்டியிருந்தது. உரித்து எடுத்து மாட்டினேன். லவோன் கேட்காமலேயே போய் பிரிட்ஜ் பக்கத்தில் நின்று கையைத் தூக்கினாள், அதை நான் மறக்க மாட்டேன். வந்தது, அக்கா. சதுரங்களாக வந்தது. ஒரு சதுரத்தில் ஒரு காது, ஒரு சதுரத்தில் பாதி ஹெல்மெட், போதகரின் குரலில் மனந்திரும்பு என்று ஒரு வார்த்தை. உன் பேரன் என்ன செய்தான் என்று அந்தச் சதுரங்களில் எதிலுமே இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீளமாகச் சொன்னால் என் மேல் எனக்கே கோபம் வருகிறது. ஏணி வைத்துக் கூரையேறினேன். துடைப்பத்தை நீளக் கழியில் கட்டி டிஷ்ஷின் முகத்தைத் துடைத்தேன். "வருதா?" என்று மேலேயிருந்து கத்தினேன். "வரல!" என்று கீழேயிருந்து கத்தினாள். "இப்ப?" "போதகர் வர்றாரு!" "அது வேற கம்பி! டிஷ்ஷுக்கு மாத்து!" "எந்தக் கம்பி, கறுப்பா, வெள்ளையா?" இப்படி ஆட்டத்தில் பாதி போயிற்று. கடைசியில் கோபத்தில் கொஞ்சம் அழுத்தித் துடைத்தேன், டிஷ் கழுத்தைத் திருப்பிக்கொண்டது. இன்றைக்கும் அது வானத்தைப் பார்க்கவில்லை, டெல்மரின் கோழிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இறங்கும்போது ஏணி ஒருபக்கம், நான் ஒருபக்கம். பனிக்குவியலில்தான் விழுந்தேன், முழங்கால் மட்டும் ஏணியில் விழுந்தது.

உள்ளே வந்தபோது லவோன் ரேடியோவைப் போட்டிருந்தாள். ஆட்டம் சமன், கூடுதல் நேரம் போகிறது, அடுத்த கோல் யார் போட்டாலும் அவர்களுக்கே வெற்றி, ஆண்டர்ஸ் மதில் மாதிரி நிற்கிறான் என்றார்கள். "டெல்மர் வீட்டுக்குப் போங்க" என்றாள் லவோன். "அவரு ஆண்டெனாவுல கண்டிப்பா வரும். நீங்களாவது பாத்துட்டு வந்து அக்காவுக்குச் சொல்லுங்க. போங்க, இப்ப மட்டும் யோசிக்காதீங்க!"

போனேன். புயலில், நொண்டிக்கொண்டு, அந்த உள்ளாடைகளுக்கு நடுவே புகுந்து போய்க் கதவைத் தட்டினேன். டெல்மர் திறந்தார். அவர் முதுகுக்குப் பின்னால், வரவேற்பறையில், டிவி தெரிந்தது. கண்ணாடி மாதிரி. பனித்துகள் எண்ணலாம்.

"அட, ஹார்லன். இந்தப் புயல்லயா?"

"சும்மாதான், இந்தப் பக்கமா வந்தேன்."

"உள்ள வாயேன்."

அக்கா, எனக்குத் தெரியும். வாயைத் திறக்கும்போதே தெரியும். "வேணாம் டெல்மர், பூட்ஸெல்லாம் பனி" என்றேன்.

"அதுக்கென்ன. நல்ல பனி இல்ல?"

"நல்ல பனி. ஈரம் ஜாஸ்தி."

"ஈரந்தான். உன் வண்டி கெளம்புதா?"

"காலைல கொஞ்சம் மொனகிச்சு, அப்பறம் கெளம்பிருச்சு." உள்ளே அறிவிப்பாளர் ஆண்டர்ஸ் பேரைச் சொல்லிக் கத்துகிறார். கூட்டம் கத்துகிறது. நான் பேட்டரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். டெல்மர் ஒரு கண்ணை உள்ளே வைத்துக்கொண்டு, மரியாதைக்காக இன்னொரு கண்ணால் என்னைப் பார்க்கிறார். "காபி போட்டிருக்கேன்" என்றார். "இப்பதான் குடிச்சேன்" என்றேன். குடிக்கவே இல்லை. பிறகு இருவரும் கொஞ்ச நேரம் ஏரியின் ஐஸ் எவ்வளவு கனம் என்று பேசினோம். முறை என்றால் முறை, நடுவில் ஒரு விஷயம் பேசாமல் மூன்றாவது தடவைக்குப் போகக் கூடாது. கடைசியில் அவர், "ஒரு வாய் காபியாவது குடிச்சிட்டுப் போயேன்ப்பா" என்றார், நான் "சரி, இவ்வளவு தூரம் சொல்றே" என்று குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தேன். முடிச்சு உறைந்து கல்லாக இருந்தது. உள்ளே ஒரு பெரிய சத்தம் கேட்டது. நான் ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் சாக்ஸுமாக ஓடிப் போய்ப் பார்த்தபோது, எதிரணி ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கொண்டாடிக்கொண்டிருந்தது. நம் பையன்கள் மண்டியிட்டிருந்தார்கள். உடனே மெத்தை விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

முதல் ஆட்டத்திலேயே தோற்றதால் அதற்கப்புறம் ஆடியது ஆறுதல் ஆட்டம், அதை டிவியில் காட்டுவதில்லை. ஆகவே இனி ஒன்றும் கிடையாது.

டெல்மர் காபி ஊற்றிக் கொடுத்தார். இரண்டு பேரும் மெத்தைகளைப் பார்த்தோம். "கெட்டிக்காரப் பையன்" என்றார். நம் ஊரில் ஒருவரை அதற்கு மேல் புகழ முடியாது என்று உனக்குத் தெரியும். பிறகு கொஞ்சம் சங்கடத்தோடு, "அந்த ஆண்டெனாவ நீ எடுத்திருக்கலாம், ஹார்லன். மூணு தடவ கேட்டேனே" என்றார்.

"ரெண்டு தடவதானே?"

"தபால் ஆபீஸ்ல ஒண்ணு. சர்ச்சுல ஒண்ணு. கடையில லவோனப் பாத்தப்ப அவகிட்ட ஒண்ணு. மூணு. அவளும் வேணாம்னுட்டா. சரி, நெசமாவே வேணாம் போலருக்குன்னு விட்டுட்டேன்."

வீட்டுக்கு வந்து லவோனைக் கேட்டேன். "ஆமா, கேட்டாரு. ஒரு தடவதானே வேணாம்னு சொன்னேன்? எனக்கு இன்னும் ரெண்டு பாக்கி இருந்துச்சுல்ல?" என்றாள், கண் கலங்கி. அவள் கணக்கு வேறு, என் கணக்கு வேறு, டெல்மர் இரண்டையும் ஒரே கணக்காக்கிவிட்டார். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எல்லாரும் ஒழுங்காக வளர்க்கப்பட்டவர்கள்.

ஆனால் அக்கா, டெல்மர் வீட்டிலிருந்து திரும்பி வரும்போது சாலை நடுவில் நின்றுவிட்டேன். முழங்கால் வலியால் இல்லை. கிறிஸ்துமஸுக்கு நான் உனக்குப் போன் பண்ணி, மார்ச்சில் இங்கே வந்துவிடேன், ஆண்டர்ஸ் போட்டிக்குப் போனாலும் போவான், சேர்ந்து பார்க்கலாம் என்றேன். "வேணாம்டா, இந்த இடுப்ப வச்சுக்கிட்டு" என்றாய். அவர்கள் ஜெயித்துப் போட்டிக்குத் தகுதி பெற்ற அன்றைக்கு மறுபடி கேட்டேன். "உனக்கும் லவோனுக்கும் எதுக்குடா சிரமம்" என்றாய். அந்த வார்த்தையை நான் எங்கே கேட்டிருக்கிறேன்? என் வாயிலேயே கேட்டிருக்கிறேன். நீ இன்னொரு தடவைக்காகக் காத்திருந்திருக்கிறாய். நான் கேட்கவில்லை. மறந்துபோய்க் கேட்காமல் இருந்தேன் என்றால்கூடப் பரவாயில்லை. உள்ளறைக் கட்டில் முழுக்க ஆண்டெனாப் பெட்டிகள் கிடந்தன, அவற்றை எங்கே எடுத்து வைப்பது என்று யோசித்துச் சும்மா இருந்துவிட்டேன். உன்னை ஆட்டம் பார்க்க வைக்கிறேன் என்று வாங்கிய பெட்டிகள், உன்னை வரவிடாமல் கட்டிலில் படுத்திருந்தன. இரண்டே தடவை கேட்டு நிறுத்துகிறவன் யார் என்று அம்மா சொன்னாள், அவனை நான் டெல்மரிடம் தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு மிகவும் வெட்கமாக இருக்கிறது. துக்கமாகவும் இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பையன் நாலு வருஷந்தான் ஆடுவான், இது அவனுக்குக் கடைசி வருஷம்.

உன் பேரன் வியாழக்கிழமை போனில் பேசினான். எப்படி இருக்கிறாய் என்றேன். "பரவால்ல தாத்தா" என்றான். பிறகு, "பாட்டி பாத்தாங்களா?" என்றான். இப்போது டேப் தபாலில் போய்க்கொண்டிருக்கிறது என்று அவனிடமும் ஒரு பொய் சொல்லிவிட்டேன். ஆகவே, அக்கா, தயவுசெய்து அவன் கேட்டால் பார்த்தேன் என்று சொல்லிவிடு. என்ன செய்தான் என்று கேட்காதே, மாட்டிக்கொள்வாய்.

இனிமேல் யார் எதைக் கொடுத்தாலும் முதல் தடவையே சரி என்று சொல்வதாக நான் தீர்மானம் செய்துவிட்டேன். இந்த வயதில் பேராசைக்காரன் என்று பேர் வந்தாலும் வரட்டும்.

உன் புது இடுப்பு உன்னை நூறு வயது வரை தாங்கட்டும். எலுமிச்சை மரம் நன்றாகக் காய்க்கட்டும். பக்கத்து வீட்டு அம்மாளுக்கும், உன் சீட்டாட்டத் தோழிகளுக்கும் என் வணக்கம். லவோன் தன் அன்பையும், அந்தப் பாத்திர விரிப்பு விஷயத்துக்கு மன்னிப்பையும் சேர்த்து அனுப்புகிறாள்.

என்றும் உன் உதவாக்கரைத் தம்பி,
ஹார்லன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு நாக்கை நீட்டினேன், போன் அடித்தது. டெல்மர். "அன்னிக்கு ஆட்டத்த நான் பழைய விசிஆர்ல பதிவு பண்ணினேன், மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும். உனக்கு வேணுமா?" என்றார். மேலே எழுதிய தீர்மானத்தின் மை இன்னும் காயவில்லை, அக்கா. நான், "சேச்சே, அதெல்லாம் வேணாம் டெல்மர்" என்றேன். "சும்மாதானே கெடக்கு" என்றார். "உனக்கு எதுக்குச் சிரமம்" என்றேன். லவோன் கையில் இருந்த கரண்டியோடு வந்து போனைப் பிடுங்கி, "வேணும், டெல்மர். இப்பவே வேணும். அப்படியே அந்த ஆண்டெனாவும் வேணும், உள்ளாடையக் கழட்டிட்டுக் குடுங்க" என்றாள். அவர் வாழ்க்கையில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. பிறகு இரண்டையும் பனியில் இழுத்துக்கொண்டு அவரே வந்துவிட்டார், முகம் பூராச் சிரிப்பு. லவோன் ஹாட்டிஷ் எடுத்து வைத்தாள், அவரும் முதல் தடவையே சாப்பிட உட்கார்ந்துவிட்டார். இந்த வியாதி ஒட்டுவாரொட்டி போலிருக்கிறது.

மூவரும் பார்த்தோம். ஆண்டர்ஸ் வருகிறான், முகமூடியைத் தூக்குகிறான், கேமராவை நேராகப் பார்க்கிறான். அவன் என்ன செய்தான் என்பது எனக்குத் தெரியும், லவோனுக்குத் தெரியும், டெல்மர் மூக்கைச் சிந்திக்கொண்டு கோழிகளைப் பார்க்கப் போய்விட்டார். உனக்குச் சொல்ல மாட்டேன். டேப்பை அனுப்பவும் மாட்டேன். அது இங்கே டிவி மேல்தான் இருக்கிறது. உள்ளறைக் கட்டிலிலிருந்து பெட்டிகளை எல்லாம் இப்போதுதான் கொட்டகைக்குத் தூக்கிப் போட்டேன், லவோன் விரிப்பு மாற்றிக்கொண்டிருக்கிறாள்.

வருகிறாயா, அக்கா? இது மூன்றாவது தடவை.